பனிக்காலத்தில் தேசி, கொய்யா, மா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஓகஸ்ட் மாதத்தில் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, இந்த முறை எத்தனை தேசிக்காய் எண்டு பாருங்கோ" என்று எழுதுகிறவர்களே ஜனவரியில் "அக்கா, மரம் சாகுது" என்று எழுதுகிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்கள் அநேகமாக எல்லாம் இரண்டாவது வகைதான். இணுவிலில் கிணற்றடி வாழைக்கும் தேசிக்கும் தண்ணீர் கட்டி வளர்ந்தவள் நான். கனடாவில், ஸ்காபரோவில் முப்பது குளிர்காலமாகச் சாடிகளோடு குடியிருக்கிறேன். இங்கே எழுதுவதெல்லாம் அந்தச் சாடிகள் எனக்குச் சொல்லித் தந்தவை.

கேள்வி: ஒக்ரோபர் கடைசியில் தேசி மரத்தை உள்ளே எடுத்து, தெற்குப் பார்த்த கண்ணாடிக் கதவடியில், ரைல் தரையில் வைத்தோம். வெயில் நன்றாக விழும் இடம். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டேன். நத்தார் முடிய இலை கொட்டத் தொடங்கி, இப்போது பாதி மரம் மொட்டை. விழுகிற இலை மஞ்சளாகக்கூட இல்லை, பச்சையாகவே விழுகிறது. எறிந்துவிடலாம் என்கிறார் கணவர். என்ன பிழை விட்டேன்? – ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: எறியாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கொப்பில் நகத்தால் தோலை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. அந்தக் கொப்பு காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே, இன்னும் கீழே என்று அடிமரம் வரை சுரண்டிப் பார்க்கலாம். பாதி இலை இன்னும் நிற்கிறது என்றால் உங்கள் மரம் பிழைக்கும் என்றே நம்புகிறேன்.

என் மரத்துக்கும் இதே கதைதான் நடந்தது. கடையில் வலைப்பையில் வருமே, சின்னஞ்சிறிய தேசிக்காய், அதன் விதையில் நான் முளைக்க வைத்த மரம் அது. அந்த இனத்தில் ஒரு நல்ல குணம், விதையில் வருகிற கன்றும் தாயைப் போலவே வரும். காய்க்க ஐந்தாறு வருடம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். நான்காவது குளிர்காலத்தில், வீட்டில் நல்ல வெயில் விழும் இடம் என்று பார்த்துப் பார்த்து வைத்த இடத்திலேயே அது இலை கொட்டியது. காலையில் எழும்பி வந்தால் தரையில் இருபது, முப்பது பச்சை இலை. கையில் எடுத்துக் கசக்கினால் தேசி வாசம் அப்படியே இருந்தது. அதுதான் என்னை வாட்டியது. நோய் பிடித்த இலையாக இருந்தால் மனம் ஆறியிருக்கும்.

காரணத்தைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். இறைச்சி வெந்ததா என்று பார்க்க ஒரு வெப்பமானி வைத்திருந்தேன். அதைக் கழுவி, சாடி மண்ணுக்குள் நான்கு விரல் ஆழத்துக்குக் குத்தினேன். அறை 21 பாகை. மண் 11 பாகை. ரைல் தரையும் கண்ணாடிக் கதவின் அடியில் கசிகிற குளிரும் சேர்ந்து சாடியைப் பனிப்பெட்டி ஆக்கியிருந்தன.

தேசி, தோடை, எலுமிச்சை எல்லாம் ஒரே குடும்பம். மண் 12, 13 பாகைக்குக் கீழே போனால் இவற்றின் வேர் தண்ணீர் உறிஞ்சுவதை அநேகமாக நிறுத்திவிடும். மேலே இலையோ கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் சூடேறித் தண்ணீர் கேட்கும். வேர் கொடுக்காது, இலை கேட்பதையும் விடாது. கடைசியில் மரம் இலையைக் கழற்றிவிட்டு உயிரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இலை பச்சையாகவே விழுகிறது. இந்த நேரத்தில் நாங்கள் "தண்ணீர் காணாது போல" என்று இன்னும் ஊற்றினால், குடிக்க முடியாத வேர் அந்த ஈரத்திலேயே அழுகும். நீங்கள் பாசத்தோடு ஊற்றிய காலைக் கோப்பை உதவவில்லை என்று சொல்ல எனக்கு மனவருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, சாடியைத் தரையிலிருந்து தூக்குவது. கட்டடவேலைக் கடையில் இரண்டு அங்குலத் தடிப்பில் வெள்ளை நுரைப்பலகை விற்பார்கள். ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்து, அதன்மேல் ஒரு மரப்பலகை, அதன்மேல் சாடி. கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மூன்று நாள் கழித்து மண்ணுக்குள் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 16, 17 பாகை காட்டினால் போதும். தரையில் ஹீற்றர் காற்று வருகிற துவாரத்துக்கு மேலே மட்டும் வைத்துவிட வேண்டாம். அந்த வறண்ட காற்று மிச்ச இலையையும் பொரித்துவிடும்.

தண்ணீர் விட நாள்க்கணக்கு வைக்காதீர்கள். சுட்டுவிரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். அங்கே காய்ந்திருந்தால் மட்டும், அடித்துவாரத்தால் வழியும்வரை ஒரே தரமாக ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதை அரை மணித்தியாலத்தில் கொட்டிவிடுங்கள். இலை குறைந்த மரம் குறைவாகத்தான் குடிக்கும். பத்து நாளுக்கு ஒரு தரம், சில வேளை இரண்டு கிழமைக்கு ஒரு தரம்கூடப் போதும். ஜனவரிக் குழாய்த் தண்ணீர் கை விறைக்கிற குளிரில் வரும். முதல் நாள் இரவே வாளியில் பிடித்து அறைக்குள் வைத்துவிட்டு மறுநாள் ஊற்றுங்கள். பசளை வேண்டவே வேண்டாம். பெப்ரவரி கடைசியில் புதுத்துளிர் வந்த பிறகு பார்க்கலாம்.

இதில் ஒன்றை நன்றாக மனதில் வைக்க வேண்டும். பிரான்சின் வேர்சாய் அரண்மனையில் 14ஆம் லூயி மன்னன் தன் தோடை மரங்களுக்காகவே 1684 முதல் 1686 வரை ஒரு பெரிய மண்டபம் கட்டினான். மரங்கள் பெரிய மரப்பெட்டிகளில் நின்றன. கோடையில் வெளியே, குளிர்காலத்தில் உள்ளே. அந்த மண்டபத்தைச் சூடாக வைக்கவில்லை. தடித்த சுவர், தெற்குப் பார்த்த உயரமான யன்னல், அவ்வளவுதான். குளிர் உறையும் அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். மரங்கள் சும்மா நின்று நாள் கழித்தன. இலையும் குளிர், வேரும் குளிர் என்றால் தேசிக் குடும்பம் பொறுத்துக்கொள்ளும். தலை சூடு, கால் குளிர் என்பதைத்தான் பொறுக்காது. ஆகவே வேரைச் சூடாக்க வழியே இல்லாதவர்கள், மரத்தைக் கொஞ்சம் வெயில் குறைந்த, குளிரான அறைக்கு மாற்றினாலும் இலை கொட்டுவது நிற்கும். இது எனக்கே நம்ப முடியாமல்தான் இருந்தது, செய்து பார்த்த பிறகு நம்பினேன்.

அப்புறம், உங்கள் மரம் தேறினால் மார்ச்சில் பூக்கக்கூடும். வீட்டுக்குள் தேனீ இல்லை. பிள்ளைகளின் வர்ணத் தூரிகையால் ஒவ்வொரு பூவாகத் தொட்டுவிடுங்கள். அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவர்கள் என்ன வாசம் என்று கேட்காமல் போகமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் கொண்டோவில் வடக்குப் பார்த்த யன்னல் மட்டும்தான். எந்தப் பழமரமாவது வைக்கலாமா? – ஓர் இளம் தம்பதி, மொன்றியல்

பதில்: யன்னலை மட்டும் நம்பினால், இல்லை. டிசெம்பர் கடைசியில் உங்கள் ஊரில் பகல் எட்டு மணித்தியாலம் நாற்பது நிமிட அளவுதான். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணித்தியாலம் இருக்கும். அதுவும் வானம் திறந்த பகல். உங்களுக்குக் கிடைப்பது மேகம் மூடிய வடக்கு வெளிச்சம். எங்கள் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத் தெரியும், ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். செடிக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் விளக்கு போட்டால் கதை வேறு. ஊதா நிறத்தில் ஒளிர்கிற விளக்கு வேண்டாம், அதன் கீழ் குடும்பம் நடத்த முடியாது. வெள்ளை வெளிச்சம் தருகிற எல்.ஈ.டி செடிவிளக்கு வாங்குங்கள். 40 வாற் அளவில் ஒன்று ஒரு சின்ன மரத்துக்குப் போதும். ஒரு நேரக்கருவியில் மாட்டி நாளுக்கு 14 மணித்தியாலம் எரிய விடுங்கள். மாதத்துக்கு 17 யூனிற் மின்சாரம் வரும், பெரிய செலவில்லை. விளக்கு செடியின் உச்சியிலிருந்து ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். கூரையில் விளக்கை மாட்டிவிட்டு "லைற் போட்டும் வளரேல்லை" என்று எழுதுகிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் செடிக்குக் கிடைக்கிற வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும்.

முதல் மரமாகக் கலமண்டின் தோடையை வாங்குங்கள். காய் நெல்லிக்காய் அளவு, நல்ல புளிப்பு, சம்பலுக்கும் மீனுக்கும் தேசிக்குப் பதிலாகப் பிழியலாம். மற்றத் தேசிகளைவிட அறைக்குள் இணங்கி வளரும், சின்ன மரத்திலேயே காய்க்கும். மேயர் எலுமிச்சையும் நல்லதுதான். 1908இல் ஃபிராங்க் மேயர் என்பவர் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த இனம் அது. சீனாவிலும் அதை வீட்டு முற்றத்துச் சாடிகளில்தான் வைத்திருந்தார்கள், ஆகவே சாடி அதற்குப் புதிதில்லை. ஒன்றை வாங்கி இரண்டு குளிர்காலம் கடத்திவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

கேள்வி: கொய்யா இலைகளில் மண் தூவினது போலப் புள்ளி. இலைக்கு அடியில் மெல்லிய நூல். பிஞ்சுகள் பெருவிரல் அளவில் விழுந்துவிட்டன. – ஒரு வாசகர், பிரம்ரன்

பதில்: சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து, மேலே இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். தூசி நடக்கும். அதுதான் பேன்.

ஹீற்றர் ஓடுகிற வீட்டில் காற்று வறண்டு கிடக்கும், அந்த வறட்சிதான் இதற்குத் திருவிழா. செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். சாடியின் வாயை ஒரு பொலித்தீன் பையால் கட்டிவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில், இலையின் அடிப்பக்கம் படும்படி, ஷவரால் நன்றாகக் கழுவுங்கள். மேல்பக்கத்தை மட்டும் கழுவினால் பிரயோசனம் இல்லை, அவை குடியிருப்பது அடியில். தண்ணீர் வடிந்தபின் தோட்டக் கடையில் விற்கும் பூச்சிச் சவர்க்காரத்தைத் தெளியுங்கள். பாத்திரம் கழுவுகிற திரவத்தைக் கலக்கி அடிக்காதீர்கள், சிலது இலையைக் கருக்கும். சவர்க்காரம் முட்டையைக் கொல்லாது. ஆகவே ஒரு கிழமை இடைவெளியில் மூன்று, நான்கு தரம் செய்யாவிட்டால் முதல் தரம் செய்ததும் வீண். ஒன்ராறியோவில் 2009இலிருந்து வீட்டுத் தோட்டங்களில் அலங்காரத் தேவைக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளுக்குத் தடை இருக்கிறது. யாராவது ஊரிலிருந்து கொண்டுவந்த போத்தலை நீட்டினால் வாங்காதீர்கள். உண்ணும் பழம், மூடிய அறை, குழந்தைகள் இருக்கிற வீடு.

இலையில் தேன் ஊற்றியது போலப் பிசுபிசுப்பு இருந்தால் அது பேன் இல்லை, செதில்பூச்சி. காம்போரமாகக் கபில நிறத்தில் சின்னப் பொருக்குப் போல ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் கழன்று வரும். மருந்தகத்தில் வாங்குகிற அற்ககோலில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். ஆறுதலாகச் செய்கிற வேலை, வானொலியைப் போட்டுவிட்டு இருந்து செய்யலாம்.

பிஞ்சு விழுந்ததற்குக் காரணம் பேன் மட்டும் இல்லை. கொய்யா புதுக்கொப்பில்தான் பூக்கும், பூவிலிருந்து பழத்துக்கு நான்கைந்து மாதம் பிடிக்கும். உங்கள் மரம் செப்ரெம்பரில் பூத்திருக்கிறது. பிஞ்சு பெருக்க வேண்டிய நேரத்தில் வெளிச்சம் போய்விட்டது. இதை நாங்கள்தான் திருப்பிவிட வேண்டும். பெப்ரவரி கடைசியில் கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு கத்தரியுங்கள். மனம் வராது, ஆனாலும் கத்தரியுங்கள். விளக்கின் கீழ் வருகிற புதுத்துளிர் மே, ஜூனில் பூக்கும். காய் முழுக்கோடையும் வெளியே நின்று பெருக்கும். செப்ரெம்பர் கடைசி, ஒக்ரோபரில் பழுக்கும். எங்கள் வீட்டில் போன வருடம் பதினொரு பழம், கடைசி இரண்டும் உள்ளே வந்தபிறகு பழுத்தன. மாடியில் படுத்திருந்த பேத்திக்கு வாசம் போய் இறங்கி வந்தாள்.

கேள்வி: பப்பாசி விதை போட்டு இருபது கன்று வந்திருக்கிறது. எல்லாம் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது. என்ன செய்யலாம்? – ஒட்டாவா

பதில்: உண்மையைச் சொல்வதென்றால், பப்பாசியை வீட்டுக்குள் குளிர்காலம் கடத்துவதை நான் விட்டுவிட்டேன். அது வெளிச்சப் பேராசைக்காரி. குளிர்ந்த ஈரமண் பட்டால் அடித்தண்டு ஒரு கிழமையில் கூழாகிவிடும். ஐந்து வருடம் முயன்று பார்த்துத்தான் சொல்கிறேன். உங்களிடம் பெரிய விளக்கும் சூடான அறையும் இருந்தால் மிகத் தடிப்பான மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஏனென்றால் எது ஆண் மரம், எது காய்க்கிற மரம் என்று பூக்கும்வரை தெரியாது. மற்றவற்றுக்கு விளக்கும் இடமும் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: கறிவேப்பிலை மொட்டையாகிவிட்டது. (நான்கு கடிதங்கள்)

பதில்: பழமரம் இல்லாவிட்டாலும் இதைத் தள்ளிவிட முடியாது. கறிவேப்பிலையும் தேசிக் குடும்பம்தான், ஆகவே முதல் பதிலில் சொன்ன குளிர்ந்த வேர்க் கதை இதற்கும் பொருந்தும். ஒரு வித்தியாசம், இது குளிர்காலத்தில் தானாகவே உறங்கப் போகும். முழுதாக இலை உதிர்த்து வெறும் தடியாக நிற்கும், ஏப்ரலில் துளிர்க்கும். தடியைச் சுரண்டிப் பாருங்கள், பச்சை இருந்தால் மாதம் இரண்டு தரம் கொஞ்சம் தண்ணீர், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கனபேர் உறங்குகிற மரத்துக்குத்தான் ஊற்றி ஊற்றிச் சாகடிக்கிறார்கள். மண்ணுக்கு மேல் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் ஈரம் கூடிப்போனது என்று அர்த்தம்.

கேள்வி: அத்திமரமும் மாதுளையும் சாடியில் இருக்கின்றன. நத்தாருக்கு முன் இலை உதிர்த்துவிட்டன. கராஜில் விடலாமா, வீட்டுக்குள் எடுக்க வேண்டுமா? – ஒரு வாசகி, மிசிசாகா

பதில்: கராஜில்தான் விட வேண்டும். இவை இரண்டும் வெப்பமண்டலத்து மரம் இல்லை, இலையுதிர்த்து உறங்குகிற மரங்கள். உறக்கத்தில் வெளிச்சம் தேவையில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜில், சுவரோரம், ஒரு பழைய போர்வையைச் சாடியைச் சுற்றிக் கட்டி விடுங்கள். மண் முற்றாகக் காயாமல் மாதம் ஒரு தரம் ஒரு கோப்பை தண்ணீர். வீட்டுக்குள் எடுத்தால் ஜனவரியிலேயே துளிர்க்கும், வெளிச்சம் இல்லாமல் அந்தத் துளிர் வெளிறி நீளும், மே மாதம் வெளியே வைக்கும்போது மரத்தில் தெம்பு இராது.

அத்தியைப் பற்றி எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் தெருவில் முன்பு இருந்த இத்தாலியப் பெரியவர். ரொறன்ரோவில் அத்தி வளர்த்துக் காட்டியவர்களே அந்தச் சனம்தான். நவம்பரில் அவர் கொப்புகளை எல்லாம் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். மரத்தின் ஒரு பக்கத்து வேரை மண்வெட்டியால் அறுப்பார். மறுபக்கம் நீளமாக ஒரு பள்ளம் தோண்டியிருக்கும். பிறகு மகனும் அவருமாக மரத்தை மெல்ல மெல்ல அந்தப் பள்ளத்துக்குள் சரிப்பார்கள். வேர் நெரிகிற சத்தம் எங்கள் வேலி வரை கேட்கும். மேலே பலகை, பலகைக்கு மேல் காய்ந்த இலை, அதற்கு மேல் தார்ப்பாய், மண். வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவார். முதல் தரம் பார்த்தபோது மரத்தைப் புதைக்கிறாரே என்று நெஞ்சு பதறியது. ஓகஸ்டில் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் அத்திப்பழம் நீட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் நானும் போய்க் கயிறு பிடித்தேன்.

கேள்வி: அன்னாசிக் கொண்டையை நட்டு இரண்டரை வருடம். இலை இரண்டு அடிக்கு மேல் நீளம், ஆனால் பூக்கவில்லை. – வின்ட்சர்

பதில்: ஆள் வளர்ந்துவிட்டது, ஒரு தட்டு வேண்டும். மார்ச் கடைசியில், வெளிச்சம் கூடுகிற நேரத்தில், பழுத்த அப்பிள் ஒன்றை நடுக்குருத்தின் பக்கத்தில் வைத்து, செடி முழுவதையும் ஒரு பெரிய பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். நான்கு, ஐந்து நாள். அந்தப் பையை வெயிலில் வைக்காதீர்கள், வெந்துவிடும். பழுக்கிற அப்பிள் விடுகிற எதிலீன் வாயுதான் அன்னாசியைப் பூக்கத் தூண்டுகிறது. ஊரில் பெரிய தோட்டங்களில் மருந்து கொண்டு செய்வதும் இதே வேலைதான். இரண்டு மாத அளவில் நடுவில் சிவப்பு தெரியும். தெரியாவிட்டால் ஒருதரம் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 78. கறுத்தக்கொழும்பான் மாங்கொட்டை ஒன்றை முளைக்க வைத்து, இப்போது இடுப்பளவு உயரம். இது இங்கே எப்போதாவது காய்க்குமா? ஊரிலிருந்து ஒட்டுக்கன்று ஒன்று கொண்டுவரச் சொல்லி மருமகனிடம் கேட்டிருக்கிறேன். – ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்க்கம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைக் கடைசிக்கு வைத்தது ஆறுதலாக எழுத வேண்டும் என்பதற்காக.

மருமகனை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். மண்ணோடு கன்று கொண்டுவர இங்கே அனுமதி இல்லை. விமான நிலையத்தில் பறித்து எரிப்பார்கள், அபராதமும் வரலாம். சும்மா சட்டத்துக்காகப் போட்ட சட்டமும் இல்லை அது. ஒரு பிடி மண்ணில் என்ன பூச்சி, என்ன பூஞ்சணம் வருகிறது என்று எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

காய்க்குமா என்று கேட்டீர்கள். விதையில் வந்த மா, நிலத்தில் நின்றாலே ஐந்து முதல் எட்டு வருடம் எடுக்கும். சாடியில், வருடத்தில் ஏழு மாதம் அறைக்குள் நிற்கிற மரம் அதற்கும் மேலே எடுக்கும். காய்த்தாலும் அது கறுத்தக்கொழும்பானாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பழம்தான் வேண்டும் என்றால், இங்கே நாற்றுமேடைகளில் குட்டை இன ஒட்டுமா கிடைக்கும், அதை வாங்குங்கள். அதற்கு ஒரு நுட்பம் இருக்கிறது. மா பூக்கச் சில கிழமைகள் குளிர்ந்த இரவு வேண்டும். செப்ரெம்பரில் இரவு 15 பாகைக்கு இறங்கியதும் பயந்து உள்ளே ஓடாதீர்கள். 10 பாகையைத் தொடும்வரை வெளியே நிற்கட்டும். உள்ளே வந்தபிறகும் பூக்கொத்து வரும்வரை குளிரான அறையில் வைத்து, தண்ணீரைக் குறையுங்கள். எங்களுக்குப் பகையான ஒன்ராறியோ இலையுதிர்காலம் இந்த ஒரு விசயத்தில் மாவுக்கு நல்லது செய்கிறது.

ஆனால் நீங்கள் முளைக்க வைத்த கன்றை விட்டுவிடாதீர்கள். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. வயது பதினான்கு, என் தோளளவு. ஒரு பூ இன்னும் பூக்கவில்லை. பூக்கவேண்டும் என்று நான் கேட்பதும் இல்லை. வருடத்தில் இரண்டு தரம் துளிர்விடும். அப்போது அந்த இலைகள் செம்பும் ரோசாவும் கலந்த நிறத்தில், நனைந்த பட்டுத்துணி போலத் துவண்டு தொங்கும். தொட்டால் குளிர்ந்து, எலும்பே இல்லாதது போல இருக்கும். வாடிவிட்டது என்று யாராவது தண்ணீர் ஊற்றப் போவார்கள், விடமாட்டேன். பத்து நாளில் அவை விறைத்து நிமிர்ந்து பச்சையாகிவிடும்.

இந்தப் பொங்கலுக்கும் நிறைகுடத்துக்கு மாவிலை அந்த மரத்திலிருந்துதான். வெளியே 19 பாகை உறைகுளிர், கதவைத் திறந்தால் மூக்கு ஒட்டுகிறது. கடையில் வாங்குகிற மாவிலை அந்தக் குளிரில் வாகனத்திலிருந்து வீட்டுக்கு வருமுன் கறுத்துவிடும். ஐந்து இலை கிள்ளினேன். காம்பில் பால் துளிர்த்து, விரலில் அந்த மாம்பிசின் வாசம் சாப்பாடு வரை இருந்தது.

உங்கள் கன்று இடுப்பளவு என்கிறீர்கள், ஐந்து இலை தருவதற்கு அது போதும். அடியில் இருக்கிற முற்றிய இலைகளாகப் பாருங்கள். முதல் நாள் ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, காம்போடு கிள்ளுங்கள். உச்சிக் கொத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம், அங்கேதான் மார்ச் மாதத்துத் துளிர் உட்கார்ந்திருக்கிறது.